போன வருசம் ஆம்பூரில் வேன் ஏறியவன் எழுதுகிறேன்

"சைக்கிள் மிதிச்சு எதுக்குப்பா காசு வசூல் பண்றீங்க? அதை நேரா கொடுத்துட்டுப் போகலாமே?"

புற்றுநோயாளிகளுக்குத் துணையாகப் போகிறவர்களின் செலவுக்கு வசூல் செய்ய, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு இரண்டு நாள் சைக்கிள் பயணம் என்று ஸ்டேட்டஸ் போட்டதிலிருந்து தினமும் ஒருவராவது கேட்கிறார். கேட்பவர் மேல் கோபமில்லை. நியாயமான கேள்விதான். என் பதில் கொஞ்சம் நீளம்.

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியில் வந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே போகிறார்கள். காப்பீட்டு அட்டை வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும். துணைக்குப் போன பெண்டாட்டிக்கு மூன்று வேளை சோறு, ராத்திரி தங்க இடம், ஊரில் விட்டுவந்த கூலி? அதற்கு அட்டை கிடையாது. புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லையே! சலுகையை வாங்க முதலில் ஜோலார்பேட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும். இந்தத் துணை ஆட்களின் செலவுக்குத்தான் நண்பர்கள் சேர்ந்து வசூலிக்கிறோம்.

போன வருசம் நானும் வசூல் செய்தேன், 23 ஆயிரம். பயிற்சி மட்டும் செய்யவில்லை. "சென்னை கீழதானே இருக்கு, முழுக்க இறக்கம்தான்" என்று யாரோ சொன்னதை நம்பினேன். பர்கூர், நாட்றம்பள்ளி வரை ராஜா மாதிரி போனேன். வாணியம்பாடி தாண்டியதும் வெயில் ஏறியது. ஆம்பூர் வருவதற்குள் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டது. பிரியாணி வாசனையில் வாந்தி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். சைக்கிளை வேன் மேலே கட்டி, நான் உள்ளே படுத்தேன்.

வந்த பிறகு டீக்கடை அக்கா கேட்டார். போகும்போது கல்லாவிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தவர்.

"முழுசா மிதிச்சியா கண்ணு?"

பொய் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியாருக்கும் அதுதான் வந்துது. வெளிய சொல்லல" என்றார். ஆறு வருசமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறேன், அன்றைக்குத்தான் சொன்னார். எங்கள் ஊரில் அந்த வியாதியின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், "அது" என்பார்கள். நேராகப் போய்க் காசு மட்டும் கேட்டிருந்தால் இருநூறு ரூபாய் கிடைத்திருக்கலாம். இந்தப் பேச்சு வந்திருக்காது. சைக்கிள் எதற்கு என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். பயிற்சி எதற்கு என்பதற்கு, அன்றைக்கு நான் சொன்ன பொய்.

இந்த வருசம் ஆடியிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஆடிக்காற்றில் ஓசூர் பக்கம் மிதித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரத்தில், ஓசூர் 900 மீட்டர் வாக்கில். நடுவில் மேலுமலை. ஏற்றம் ஒரு பக்கம், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மறுபக்கம், பக்கத்தில் உரசிப் போகும் லாரி கிளப்பும் காற்று தனி. சூளகிரி போய்ச் சேர்வதற்குள் சாமி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருசம் லாரி ஓட்டியவர். அவர்தான் வித்தையைச் சொன்னார்: "வண்டி முக்குற வரைக்கும் விடாத. ஏத்தம் கண்ணுல பட்டதுமே கியரை இறக்கிடு." பெரிய கியரில் முட்டியைக் கொல்லாமல், சின்னக் கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று வாக்கில் மிதித்தால் மலையும் நகர்கிறது.

வார நாளில் கே.ஆர்.பி. அணை வரை போய்வருவேன், ஞாயிறு நீளப் பயணம். ஆனால் மாதம் ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டுவதுதான் உண்மையான பரீட்சை. முதல் நாள் எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். மறுநாள் விடியலில் அதே சீட்டில் உட்காரும் முதல் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதற்கு வாசலின்தான் துணை. குடிக்க ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. திரும்பி வந்ததும் மோர் ஊற்றிய ராகிக் கூழ், சின்ன வெங்காயம். டப்பாவில் விற்கும் பவுடரை நான் இன்னும் தொட்டதில்லை.

பஞ்சர் தனிப் பாடம். ஹைவே ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள் கிடக்கும். அதில் தலைமுடி கனத்தில் இரும்புக் கம்பி இருக்கும். மேலுமலை இறக்கத்தில் ஒருநாள் அடுத்தடுத்து மூன்று முறை காற்று போனது. டியூப் மாற்றுவேன், ஒரு கிலோமீட்டர், புஸ். டயரின் உள்பக்கத்தில் விரலால் தடவிக்கொண்டே வந்தபோது சுருக்கென்று குத்தியது. கண்ணுக்குத் தெரியவில்லை. நகவெட்டியால் இழுத்ததும் அரிசி நீளத்தில் வந்தது. இப்போது பையில் டியூபுக்கு முன்னால் நகவெட்டிதான் போகிறது.

ஒரு விஷயத்தில் எங்கள் குழுவோடு எனக்குச் சண்டை. டீ-சர்ட், கேடயம், ஃபிளக்ஸ் எல்லாம் வசூலில் கழிக்கக் கூடாது என்கிறேன். டீக்கடை அக்காவின் இருநூறில் என் பெயர் போட்ட பனியன் அடிப்பது திருட்டு. பின்னால் வரும் வேனுக்கும் டீசல் நாமே போடவேண்டும். போன வருசம் அந்த வேனில் படுத்துக்கொண்டு போனவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். புது சைக்கிளும் வேண்டியதில்லை. என்னுடையது எட்டு வருசப் பழசு. பழையபேட்டையில் ஓவராயிலிங் செய்து, பின் வீல் பெண்டு எடுத்தேன். இன்னொன்று: சிப்காட்டுக்கு தினமும் ஹெல்மெட் இல்லாமல், சோத்து டப்பாவோடு மிதித்துப் போகிறவர்களை யாரும் மாலை போட்டு வழியனுப்புவதில்லை. வழியில் பார்த்தால் கையாவது காட்டிவிட்டுப் போங்கள்.

அக்காவிடம் போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாடி கிளாசைக் கழுவிக்கொண்டே, "அப்ப இந்த வருசம் காசு கெடையாது. ஆம்பூர் தாண்டிட்டு போன் பண்ணு, அப்பறம் தரேன்" என்றார்.

பயணம் தை மாதம். இந்த ஞாயிறு மேலுமலை, காலை நாலரைக்கு ரவுண்டானாவில் கிளம்புகிறோம். பின்னால் சிவப்பு லைட் இல்லாமல் யாரும் வர வேண்டாம்.