கூகுளில் தேடக் கட்டணமா? சுற்றும் செய்தி தவறு

“அடுத்த மாதம் முதல் கூகுளில் தேடப் பணம் கட்ட வேண்டும், விக்கிப்பீடியாவும் மூடப்படுகிறது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் உங்களுக்கு மட்டும் இலவசம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதில் எதுவும் உண்மையில்லை.

கூகுள் தேடல் இலவசம்தான். அதன் வருமானம் விளம்பரங்களிலிருந்து வருகிறது. இதைத் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் ஆண்டறிக்கையில் யாரும் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவின் சில கூடுதல் வசதிகளுக்குச் சந்தா உண்டு. ஒருவேளை குழப்பம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். சாதாரணத் தேடலுக்கு அந்தச் சந்தா தேவையில்லை.

விக்கிப்பீடியாவை நடத்துவது விக்கிமீடியா அறக்கட்டளை, லாப நோக்கமற்றது. அவ்வப்போது பக்கத்தின் மேலே தெரியும் வேண்டுகோள் நன்கொடைக்கானது, கட்டணம் அல்ல. கொடுக்காவிட்டாலும் படிக்கலாம். அப்புறம், அதன் கட்டுரைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. மொத்தத் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒன்றை ஒரே நாளில் பூட்டிவிட முடியாது.

பத்துப் பேருக்கு அனுப்பும் கதையும் அப்படித்தான். வாட்ஸ்அப் உரையாடல்கள், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. நீங்கள் யாருக்கு எதை அனுப்பினீர்கள் என்பது கூகுளுக்குத் தெரிய வழியில்லை.

தேடல் மாறிவருவது உண்மை. பதிலைத் தேடல் பக்கத்திலேயே சுருக்கிக் கொடுத்துவிட்டால், அந்தத் தகவலை உழைத்து எழுதிய தளத்துக்கு யார் போவார்கள்? எனக்கும் இந்தக் கவலை உண்டு, அதைப் பேசவும் வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தி இதைப் பேசவில்லை, வெறும் பயத்தைத்தான் பரப்புகிறது. தயவுசெய்து அதை மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் தவறு என்று சொல்லிவிடுங்கள்.