மூன்றாவது புத்தகம்

எங்கள் ஊரில் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு சிறுமிக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கதைப் புத்தகம் கொடுத்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறார். புத்தகம் 24 பக்கம்தான். அட்டையில் ஒரு யானைக்குட்டி ஆற்றில் புரண்டு குளிக்கிற படம்.

வாங்கியதும் அவள் முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமா அத்தை?"

"வேண்டாம். உனக்குத்தான்."

"எனக்கே எனக்கா? தம்பிக்கு இல்லையா?"

அவளிடம் இருந்த எதுவும் அதுவரை அவளுடையதாக மட்டும் இருந்ததில்லை என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. பாய் எல்லோருக்கும் பொது. சட்டை அக்காவிடமிருந்து வந்தது, அடுத்து யாருக்கோ போகும். அரசு கொடுக்கிற பாடப்புத்தகம் சொந்தம்தான், ஆனால் அது பரீட்சைக்கானது, வருடம் முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடும். தன் பெயரை எழுதி வைத்துக்கொள்ள ஒரு கதைப் புத்தகம் கிடைத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் கழித்துக் கேட்டேன், "யானைக்குட்டி என்ன ஆயிற்று?" தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்."

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தகரப் பெட்டியை இழுத்து வந்து திறந்தார். உள்ளே ஒரு மஞ்சள் பை. அதற்குள் குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டு அட்டை. அவற்றோடு, பழைய மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டு, அந்தப் புத்தகம். "இவள் கையில் கொடுத்தால் இரண்டே நாளில் நார் நாராக்கிவிடுவாள் அக்கா. பின்னால் விலை போட்டிருக்கிறதே, அதுதான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. தொண்டை அடைத்தது. அந்த வீட்டில் இருக்கிற விலைமதிப்பான பொருள்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. புத்தகத்துக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார். எந்த ஊர்ப் புத்தக வெளியீட்டு விழாவிலும் ஒரு புத்தகத்துக்கு அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. ஆனால் குழந்தை படிக்கவில்லை. புத்தகம் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு எனக்கு இன்னொரு பூட்டு நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிக் கதவு வைத்த பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள். வெளியே நின்று பிள்ளைகள் அட்டைகளைப் பார்க்கலாம். சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில். ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, தணிக்கைக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள், காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சில சமயம் கைக்காசையும் போட வேண்டும். "பிள்ளைகள் கிழித்துவிட்டார்கள் என்று எழுத அதில் ஒரு கட்டம் இல்லை அம்மா" என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் தொலைவதைக் குற்றமாக வைத்திருக்கும் வரை எந்த ஆசிரியரும் பீரோவைத் திறக்கமாட்டார். இது ஒருவருடைய கஞ்சத்தனம் இல்லை, கணக்கு வைக்கிற முறையின் கோளாறு.

தகரப் பெட்டிக்கும் கண்ணாடி பீரோவுக்கும் காரணம் ஒன்றுதான். புத்தகம் அரிதாக இருக்கிறது. அரிதான பொருளைப் பூட்டத்தான் தோன்றும்.

நூலக அறிவியலின் தந்தை என்று நாடு கொண்டாடும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர், எங்கள் காவிரிப் படுகைக்காரர். அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதை ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியைச் சொல்லித்தான் அவர் அந்த விதியை விளக்குகிறார். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் கிளம்பியதும் அவருடைய ஊக்கத்தால்தான். மண் சாலையில், மழையில், மாட்டு வண்டியில் புத்தகம் போயிருக்கிறது. நனைந்திருக்கும், கிழிந்திருக்கும். அதற்காக வண்டியைக் கட்டாமல் இருந்துவிடவில்லை.

சரி, என் தெருவுக்கு வருகிறேன்.

அந்த அம்மாவிடம் நான் வாதாடவில்லை. அடுத்த மாதம் இன்னொரு புத்தகம் கொடுத்தேன். அதுவும் பெட்டிக்குள் போயிற்று. மூன்றாவது கொடுத்தபோதுதான் அது நடந்தது. பெட்டியில் இடம் இல்லை. அதோடு, புத்தகம் என்பது தொடர்ந்து வரக்கூடிய பொருள் என்று அவர் மனத்தில் பட்டுவிட்டது. மூன்றாவது புத்தகம் வெளியே தங்கியது. ஒரு வாரத்தில் முதல் இரண்டும் வெளியே வந்தன. யானைக்குட்டி அட்டையில் குழம்புக் கறை பட்டிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இதைத்தான் சொல்ல வந்தேன். ஏழை வீட்டுக் குழந்தைக்கு ஒரு புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிற நல்ல உள்ளங்களே, உங்களை வணங்குகிறேன், ஆனால் ஒன்று போதாது. ஒரு புத்தகம் பூஜைப் பொருளாகிவிடுகிறது. மூன்று, நான்கு, பத்து என்று போனால்தான் அது விளையாட்டுச் சாமானாகிறது. விளையாட்டுச் சாமானாகிற புத்தகத்தைத்தான் குழந்தை படிக்கும்.

இது என் ஒரு தெரு அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் அலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வறிய குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் 17 பள்ளிகளில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். 852 குழந்தைகள். கோடை விடுமுறைக்கு முன் பள்ளியிலேயே புத்தகங்களைப் பரப்பி வைத்து, பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஆளுக்கு 12 புத்தகம். திருப்பித் தர வேண்டாம். இப்படித் தொடர்ந்து மூன்று கோடை. விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பின்னுக்குப் போய்விடுவது அங்கே நெடுநாள் கவலை. புத்தகம் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னே நின்றார்கள். கோடை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தால் கிடைக்கிற பலனுக்கு அது ஈடாக இருந்தது. மிகவும் ஏழையான பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். 2010இல் முடிவுகள் வெளிவந்தன. பன்னிரண்டு, சொந்தமாக, தானே பொறுக்கியது: இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கிறது.

தானே பொறுக்கியது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நாம் ஏழைக் குழந்தைக்கு என்று புத்தகம் வாங்கினால் எதை வாங்குகிறோம்? திருக்குறள் உரை, தலைவர் வரலாறு, பொது அறிவு வினா விடை, தன்னம்பிக்கை. நம் வீட்டுப் பிள்ளைக்கு டைனோசர், பேய், துப்பறியும் கதை. ஏழைக்கு அறிவுரை, நமக்கு ஆசை. இதில் இருக்கிற பேதம் கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை, வாங்குகிற குழந்தைக்குத் தெரிகிறது. நான் பையோடு போகும்போது புத்தகங்களைத் திண்ணையில் பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். ஐந்தாம் வகுப்புப் பையன் வந்து இரண்டாம் வகுப்புப் படப் புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். எழுத்துக் கூட்டவே அவனுக்குக் கஷ்டம் என்பது அவனுக்குத் தெரியும், எல்லோர் முன்னிலும் அதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

இன்னொன்று, கொடையாக வருகிற பழைய புத்தகங்கள். நுழைவுத் தேர்வு வழிகாட்டி, பத்து வருடத்துக்கு முந்தைய கணினிப் பாடம், பாதி எழுதிய பயிற்சி ஏடு. அலமாரி ஒழிப்பது வேறு, கொடுப்பது வேறு. தயவுசெய்து கலக்காதீர்கள்.

படித்த பிறகு கேள்வி கேட்பதையும் விட்டுவிட வேண்டும். நானும் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" கேட்ட மாத்திரத்தில் குழந்தையின் முகம் பள்ளிக்கூட முகமாகிவிடும். இப்போது "எந்தப் படம் பிடித்தது?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சில நாள் அதுவும் கேட்பதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகிவிடும். 1948இலேயே சட்டம் போட்டுப் பொது நூலகம் தொடங்கிய மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நாம் இன்றும் கட்டுகிறோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு சிறு புத்தகங்கள் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். கையடக்கமாக, பெரிய எழுத்தில், நம் பிள்ளைகளின் ஊரும் பேச்சும் உள்ள கதைகள். கையில் எடுத்த அன்றே எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நான் கேட்பதெல்லாம் இதற்கு அடுத்த அடிதான். அவை வகுப்பறைக் கயிற்றில் தொங்குவதோடு நிற்க வேண்டாம். கோடை விடுமுறைக்கு முதல் நாள், ஒவ்வொரு குழந்தையும் அவற்றில் பத்துப் புத்தகங்களைத் தானே பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போகட்டும், திருப்பித் தர வேண்டாம், பதிவேட்டில் ஏற வேண்டாம். பாடநூல், சீருடை, மிதிவண்டி எல்லாம் கொடுக்கிற அரசுக்கு இது முடியாத காரியமா?

மலிவு விலையில் நல்ல புத்தகம் ஏழை வீட்டுக்குள் வந்து குவிந்த ஒரு காலத்தைப் பார்த்தவள் நான். என் அப்பா கூட்டுறவு நூற்பாலைத் தொழிலாளி. சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு வரும்போது, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கடை போட்டிருந்தால், சோவியத்தில் அச்சான தமிழ்க் குழந்தைப் புத்தகம் ஒன்றோடு வருவார். வழவழப்பான தாள், பக்கம் நிறைய வண்ணப் படம், விலையோ சில ரூபாய்தான். பனியும் கரடியும் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே வந்தது அப்படித்தான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொன்றாக வாங்கி வாங்கி, கடைசியில் முப்பதுக்கு மேல் சேர்ந்தது. 1991க்குப் பிறகு அந்த வரத்து நின்றுபோயிற்று. அந்த அரசியலில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் போகலாம். ஒரு நாடு செலவை ஏற்றுக்கொண்டதால் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகள் முப்பது புத்தகத்துக்குச் சொந்தக்காரியாக இருந்தாள். அதனால்தான் இன்று தபால் நிலைய வேலை முடிந்ததும் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

"எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது, அதில் எத்தனை கதை வேண்டுமானாலும் படிக்கலாமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு போன். காலையில் அப்பாவோடு ஆலைக்குப் போகிறது, இரவில் அவரோடு திரும்புகிறது.

செலவு? ஓர் எளிய படக்கதைப் புத்தகத்தின் விலை தேநீர்க் கடையில் நாலு பேர் வடையும் தேநீரும் சாப்பிடுகிற காசுதான். நான் 22 பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் மாதம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். ஒரு வருடம் ஒரே தெருவில் நின்று செய்வது, பத்து ஊருக்குத் தலா ஒரு முறை போவதைவிட மேல் என்பது என் எண்ணம். தொடங்க நினைப்பவர்கள் உங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை அந்தச் சிறுமியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஐந்தாம் வகுப்பு. யானைக்குட்டிப் புத்தகத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அட்டை எப்போதோ போய்விட்டது. நடுவில் இரண்டு தாளைத் தம்பி கிழித்துக் கப்பல் விட்டிருக்கிறான். கிழிந்த இடம் வந்ததும் அவள் நிறுத்தவில்லை. யானைக்குட்டி அரிசி ஆலைக்குள் நுழைந்து தவிட்டு மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டு, அப்பாவிடம் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு, மிச்சமிருக்கிற பக்கத்தில் போய் ஆற்றில் இறங்கினாள். அவள் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "நேற்று மூட்டையைத் தின்னவில்லையே, லாரியில் ஏறிப் போனது என்றுதானே சொன்னாய்?"