அலர்ஜி போலத் தெரியும் அயிலை
ஒவ்வாமை ஏற்பிகள்தான் (அலர்ஜி வேதிச் சைகைகளைப் பிடிக்கும், செல்களில் உள்ள புரதங்கள்) குடல் பாக்டீரியாவை மாற்றி அழற்சியைக் கிளப்புகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒருவழிப் பாதையாக எழுதியிருப்பது பாதிதான் சரி. பாக்டீரியாவும் அந்த ஏற்பிகளைத் தட்டும், அதற்கு ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) கூட வேண்டியதில்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீட்டுக்கு வீடு வேகும் அயிலை, சூரை, சாளையையே எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால் மார்கனெல்லா போன்ற பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக, அதாவது அலர்ஜியின்போது நம் உடலே சுரக்கும் அதே வேதிப்பொருளாக, மாற்றிவிடும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகச் சிவப்பு, தலைவலி, வயிற்றோட்டம்; பார்த்தால் அசல் அலர்ஜியேதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் 'மீன் நன்றாகக் கொதித்தால் போதும்' என்கிறார். போதாது: கொதியில் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே இருக்கும், குடம்புளி எவ்வளவு போட்டாலும். ஒரே கறியைத் தின்ற பலருக்கும் வந்தால் முதல் சந்தேகம் மீன்மேல். ஒருவருக்கு மட்டும், அதுவும் புது மீனிலும் வந்தால் அலர்ஜிப் பரிசோதனை. அலர்ஜியில் மாஸ்ட் செல்கள் (ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் தற்காப்புச் செல்கள்) வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற நொதியை ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் அறிகுறி தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். குடலுக்குள்ளும் இதே சங்கதி உண்டு: 2022-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு, ஐபிஎஸ் (அடிக்கடி வயிற்றுவலி, மலப்போக்கு மாற்றம் தரும் குடல் கோளாறு) நோயாளிகளின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, அதில் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியா சுரந்த ஹிஸ்டமின், எச்4 என்ற ஹிஸ்டமின் ஏற்பி வழியே மாஸ்ட் செல்களை இழுத்து வலியைக் கூட்டியது. உணவில் எளிதில் நொதிக்கும் மாவுச்சத்தைக் குறைத்தபோது ஹிஸ்டமினும் குறைந்தது.