டோனவனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியவில்லை

ஐரிஷ் எழுத்தாளர் ஃபிராங்க் ஓ'கானரின், 1931இல் வெளிவந்த 'கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்' சிறுகதையை மறுபடி படித்தேன். தேசத்தின் விருந்தாளிகள். அயர்லாந்து விடுதலைப் போர்க் காலத்துக் கதை. இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் போர் கொடியது என்று பெருமூச்சு விடுகிறார்கள், இல்லாவிட்டால் கதையில் கைதிகளைச் சுடும் ஜெரமையா டோனவனைத் திட்டுகிறார்கள். எனக்கு இரண்டுமே போதவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பெல்ச்சர், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஐரிஷ் போராளிகளிடம் பிடிபட்டு, ஒரு கிழவியின் வீட்டில் இருக்கிறார்கள். நோபிளும், கதையைச் சொல்லும் போனபார்ட்டும் காவல். பெயருக்குத்தான் காவல். பொழுது சாய்ந்தால் நால்வரும் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள். பொறுப்பில் இருப்பவன் டோனவன். ஆங்கிலேயர்கள் தங்களிடம் இருந்த ஐரிஷ் கைதிகளைச் சுட்டுக் கொன்றதும், பதிலுக்கு இந்த இருவரையும் சுடச் சொல்லி உத்தரவு வருகிறது.

அந்த வீட்டை ஓ'கானர் காட்டும் விதம் இருக்கிறதே! பெல்ச்சர் வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசமாட்டான். கிழவி சுள்ளி வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, தயவுசெய்து என்னிடம் கொடுங்கள் என்று கைக்கோடரியை வாங்கிக்கொள்கிறான். அன்றிலிருந்து கூடையோ வாளியோ அவள் எதைத் தூக்கினாலும் பின்னாலேயே போய்ச் சுமக்கிறான். ஹாக்கின்ஸ் நேர் எதிர், ஓயாத வாய். நோபிளோடு கடவுள், மறுமை என்று ராத்திரி ராத்திரி வாதம். போருக்குக் காரணம் முதலாளிகள்தான் என்று அவன் கிழவியிடம் சொன்னால், ஜப்பான் கோயிலிலிருந்து சாமி சிலையைத் திருடிய இத்தாலியப் பிரபுதான் காரணம் என்கிறாள் அவள். உள்ளூர் ஐரிஷ் நடனங்களைக்கூட ஹாக்கின்ஸ் கற்றுவைத்திருக்கிறான். அந்நிய நடனம் ஆடுவதில்லை என்பது போராளிகளின் கொள்கை என்பதால், அவர்களால் பதிலுக்கு ஒன்றும் ஆடிக்காட்ட முடியவில்லை.

இவர்கள் பணயக் கைதிகள் என்று டோனவன் முதலில் போனபார்ட்டிடம் சொல்கிறான். எனக்கு அந்த இரவுதான் கதை. போனபார்ட் அதை நோபிளிடம் சொல்ல, இருவரும் படுத்தபடி யோசிக்கிறார்கள். கைதிகளிடம் சொல்லலாமா? வேண்டாம், வீணாகப் பயமுறுத்துவது கொடுமை என்று முடிவாகிறது. எவ்வளவு இதமான காரணம்! ஒரு ராத்திரி முழுக்கக் கையில் இருந்தும், தப்பிக்க விடலாம் என்றோ மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றோ பேச்சே எழவில்லை.

மறுநாள் மாலை, வேறிடத்துக்கு மாற்றுகிறோம் என்று பொய் சொல்லிச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பெல்ச்சர் கிழவிக்கு ஆயிரம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். நடக்கும்போது போனபார்ட் மனசுக்குள் வேண்டிக்கொள்கிறான்: இவர்கள் ஓடிவிட மாட்டார்களா, ஓடினால் நிச்சயம் சுடமாட்டேன் என்று. ஆனால் 'ஓடு' என்று அவன் வாய் திறக்கவில்லை. தான் செய்ய வேண்டியதைச் சாகப்போகிறவன் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அப்புறம், டோனவன் சுட்டும் உயிர் போகாத ஹாக்கின்ஸை இரண்டாவது குண்டால் முடித்துவைப்பதும் போனபார்ட்தான்.

பெல்ச்சர் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறான். கைக்குட்டை எட்டவில்லை என்று போனபார்ட்டிடமே இன்னொன்று கேட்டு வாங்குகிறான். கதை முழுக்கப் பேசாதவன் அப்போதுதான் விட்டுப்போன மனைவியைப் பற்றி, குழந்தையைப் பற்றிப் பேசுகிறான். கடமை என்றால் என்ன என்று தனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை என்கிறான். எனக்கு அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

ஓ'கானர் என்பது புனைபெயர். அவருடைய இயற்பெயர் மைக்கேல் ஓ'டோனவன். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர், இவரோ விடுதலைப் போரை அடுத்து ஐரிஷ்காரர்களுக்குள்ளேயே மூண்ட உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் நின்று முகாமில் அடைபட்டவர். நாம் வெறுக்கத் தயாராக இருக்கும் பாத்திரத்துக்கு அவர் தந்திருப்பது தன் குடும்பப் பெயர். டோனவன்மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து நாமும் கை கழுவிக்கொள்வதை அவர் விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு எது நடந்தாலும் பழைய மாதிரி உணரவே முடியவில்லை என்று போனபார்ட் முடிக்கிறான். அதை மனம் திருந்தியவனின் குரலாகப் படிப்பவர்கள் உண்டு. சரி, அவன் வேதனை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறானே தவிர, அந்த இரவில் என்ன செய்திருக்கலாம் என்று சொல்லவில்லை. அவனுக்காக வருந்துகிறேன். மன்னிக்க மனம் வரவில்லை.