விடியற்காலை நான்கு மணிப் பயிற்சி

தீயணைப்புத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். கைப்பம்பு வந்தது, தோல் குழாய் வந்தது, நீராவிப் பம்பு வந்தது என்று வரிசையாகப் போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்ததைப் படித்த பிறகு உறுதியாகவே சொல்கிறேன்: அங்கே அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள் கூரை வேய்பவர்களும் கொத்தனார்களும் தச்சர்களும்தான்.

1824இல் அந்த நகரம் தனக்கென்று ஒரு தீயணைப்புப் படையை அமைத்தது. பிரிட்டனில் நகராட்சி அமைத்த முதல் படை என்று அதைச் சொல்வார்கள். தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டுக்கு அப்போது 24 வயது. அப்பாவின் தொழிலில் இருந்து கட்டட வேலையைப் பழகியவர். அதனால் யாரைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கற்பலகைக் கூரை வேய்பவருக்கு மழையில் நனைந்த சரிவிலும் கால் வழுக்காது. எந்தச் சுவர் நிற்கும், எது சரியும் என்று கொத்தனார் பார்த்தே சொல்லிவிடுவார். எந்த உத்தரத்தை வெட்டினால் தளம் தாங்கும் என்பது தச்சருக்குத் தெரியும். பம்பு மக்கர் செய்தால் கொல்லரும் பிளம்பரும் இருக்கிறார்கள். இவர்களை வாரம் ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். இரவில் பிடிக்கும் தீயை அணைக்க இருட்டிலேயே கை பழகியிருக்க வேண்டுமல்லவா?

படை உருவான சூட்டோடு சூடாகச் சோதனையும் வந்துவிட்டது. நவம்பர் 15 இரவு, செதுக்கோவியப் பட்டறை ஒன்றில் ஆளிவிதை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. பழைய எடின்பரோவின் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். இருபுறமும் மாடிமேல் மாடியாக வீடுகள். பம்பு வண்டியை எங்கே நிறுத்துவது? மறுநாள் டிரான் தேவாலயத்தின் மரக் கோபுரத்துக்கும் தீ தாவியது. மேலே போர்த்தியிருந்த ஈயம் உருகிச் சொட்டியது. தீ அடங்குவதற்குள் சுமார் 400 வீடுகள் போயின. இறந்தவர்கள் 13 பேர். அவர்களில் இருவர் தீயணைப்பு வீரர்கள்.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான். பிரெய்ட்வுட் ஒன்று சொல்ல, அங்கே வந்து நின்ற நகரப் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு கட்டளை போட்டார்கள். பதவி இருந்தால் தீயைப் பற்றியும் தெரிந்துவிடுமா? பழி மட்டும் அந்த இளைஞர் மேல் விழுந்தது. நல்லவேளையாக, விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்றானது. தீ எரியும் இடத்தில் படைத்தலைவரின் சொல் மட்டுமே செல்லும் என்றும் முடிவானது. அந்த ஒரு முடிவை எத்தனை பம்புகளுக்கும் மேலாக மதிக்கிறேன்.

அதுவரை தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சுவதுதான் வழக்கம். பாதித் தண்ணீர் புகைக்குத்தான் போகும். பிரெய்ட்வுட் தன் ஆட்களை வீட்டுக்குள்ளேயே போகச் சொன்னார். தரையை ஒட்டிக் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். முகத்தைத் தாழ்த்தித் தவழ்ந்து போய், எரிகிற பொருளின் மேலேயே தண்ணீர் படும்படி குழாயைப் பிடிக்க வேண்டும். கட்டடத்தின் எலும்பு தெரிந்தவர்களைத்தான் இப்படி உள்ளே அனுப்ப முடியும்.

1833இல் லண்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய படைக்குத் தலைமை ஏற்றுப் போனார். 1861 ஜூன் 22, தேம்ஸ் கரையில் டூலி தெருக் கிடங்குகள் பற்றி எரிந்தன. களைத்துப்போன தன் ஆட்களுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது. உடலை மீட்க இரண்டு நாள் ஆனது. இனி எங்களால் முடியாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரிக்க, 1865இல் சட்டம் இயற்றி அந்தப் பொறுப்பு பொதுத்துறைக்கு மாற்றப்பட்டது.

எடின்பரோவின் பாராளுமன்றச் சதுக்கத்தில் 2008இல் பிரெய்ட்வுட்டுக்குச் சிலை வைத்தார்கள். மனம் நிறைந்தது. பக்கத்திலேயே, இடுப்பில் சுத்தியல் செருகிய ஒரு கூரைத் தொழிலாளியும் நின்றிருக்க வேண்டும் என்பது என் ஆசை.