இடியப்பத்துக்கும் தரிப்பிடத்தை விழுங்கிய கடைக்கும் ஒரே சட்டமா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கட ஒழுங்கையில் ஒரு அக்கா விடியக்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறா. ஏழு மணிக்குள்ள அவ்வளவும் கடைகளுக்குப் போய்விடும். அதோட வீடு அமைதி. போன மாதம் யாரோ பெட்டிசம் போட, குடியிருப்பில் அனுமதியில்லாத வியாபாரம் என்று கடிதம் வந்திருக்கிறது. (போட்டவர் யாரென்று ஒழுங்கைக்கே தெரியும். அவரும் இடியப்பம் வாங்கித் தின்றவர்தான்.)

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில், கட்டடம் கட்டுவது மட்டுமல்ல, இருக்கிற கட்டடத்தின் பாவனையை மாற்றுவதும் 'அபிவிருத்தி நடவடிக்கை'தான். ஒரு கல்லை அசைக்காவிட்டாலும் அனுமதி எடுக்கவேணும். வீட்டு வளவை வீட்டுத் தேவைகளுக்குப் பாவித்தால் விலக்கு உண்டு. ஆனால் ஐந்நூறு இடியப்பம் வீட்டுத் தேவையா? ரியூசனுக்கு வரும் ஆறு பிள்ளைகள்? தையல் மெசின் இரண்டு?

அதே ஒழுங்கையின் முகப்பில் ஒரு தொடர்மாடி. பிளானில் கீழ்த்தளம் வாகனத் தரிப்பிடம். இப்போது அங்கே ஷட்டர் போட்ட கடை. வாகனங்கள் நடைபாதையில் ஏறி நிற்க, சனம் பிரதான வீதியான காலி வீதியில் இறங்கி 100, 101 பஸ்களுக்கு ஒதுங்கி நடக்குது. அதற்கு யாரும் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.

'வீடு', 'கடை' என்ற பெயரைப் பார்த்துப் பிரிப்பதில்தான் பிழை என்று நினைக்கிறேன். எவ்வளவு சத்தம், எத்தனை வாகனம், புகை, கழிவுநீர் எந்தக் கானுக்குப் போகிறது, இதைப் பார்த்துப் பிரிக்கவேணும். அயலுக்குத் தொந்தரவில்லாத சின்னத் தொழிலுக்கு ஒரு பதிவு போதும். தரிப்பிடத்தை விழுங்குகிறவனுக்கு முழு விசாரணை வை.

இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரில் கடை, உணவகம், அலுவலகம், கிளினிக், ஜிம் எல்லாவற்றையும் ஒரே பாவனை வகுப்பாக்கினார்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஆனால் அங்கேயே 2013இல் அலுவலகங்களை இலகுவாக வீடாக்க விட்டபோது, ஜன்னல் இல்லாத அறைகளையும் வீடென்று கட்டினார்கள். கட்டை அவிழ்ப்பதிலும் கணக்கு வேணும். கராஜுக்கு மேல்மாடியில் மூன்று வருசம் இருந்தவன் நான், கம்ப்ரெஸர் சத்தம் என்னவென்று தெரியும்.

அக்கா இப்போது முன் கேற்றைத் திறப்பதில்லை. பின்பக்கத்தால, பள்ளிக்கூடப் பை மாதிரி ஒன்றில் வைத்து மகன் கொண்டுபோகிறான்.