ஆளில்லாக் கடையும் ஆளில்லா ஊரும்

போன வாரம் மட்டும் அந்தப் படத்தை ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறு மேடை. அதில் கத்தரிக்காய், வெள்ளரிக்காய், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் இல்லை. "ஒரு பை 100 யென். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். ஜப்பானியர்களின் நேர்மையைப் பாருங்கள், நம் ஊராக இருந்தால் டப்பாவே காணாமல் போயிருக்கும்" என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர்களில் என் பெரியப்பா மகனும் ஒருவர். "தம்பி, இது உன் ஊர்தானே?" என்று வேறு கேட்டிருந்தார்.

என் ஊர் இல்லை அண்ணா. ஆனால் என் ஊரிலும் அப்படி ஒரு மேடை உண்டு. அதை நடத்தும் பாட்டிக்கு வயது 84. மகன் ஹிரோஷிமாவில், மகள் ஒசாகாவில். கடையில் ஏன் ஆள் இல்லை என்றால், உட்கார ஆள் இல்லை, அவ்வளவுதான். டப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது இருப்பது இரும்புப் பெட்டி, கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டியது. இப்படிப்பட்ட படங்களில் சங்கிலி விழுவதில்லை.

நான் இருப்பது ஷிமானே மாகாணத்தின் மேற்குப் பகுதியான இவாமியில், கோனோகாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில். இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை. 2017 அக்டோபரில் வந்தேன். ஜப்பான் என்றதும் உங்கள் கண்முன் வரும் எதுவும் இங்கே கிடையாது. மூங்கில் காடு, செம்பழுப்பு ஓடு வேய்ந்த பெரிய வீடுகள், படிக்கட்டு வயல்கள், வயலைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்கு மின்வேலி. ஆள்தொகை எவ்வளவு குறைவு என்றால், மேலவைத் தேர்தலுக்கு ஷிமானேயையும் பக்கத்துத் தொத்தோரியையும் சேர்த்து 2016 முதல் ஒரே தொகுதியாக்கிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் 14 வீடுகள். அதில் விளக்கெரிவது ஒன்பது.

இந்த எட்டு ஆண்டுகளில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'ஜப்பானியப் பண்பு' என்று மெய்சிலிர்ப்பதில் பாதி, முறைவைத்துச் செய்யும் வேலை. மீதிப் பாதி, அந்த வேலைக்கு ஆள் போதாமல் வந்த ஏற்பாடு. இதில் இரத்தம், மரபணு, புத்தர், சாமுராய் எதுவும் இல்லை.

வந்த புதிதில் பக்கத்து வீட்டிலிருந்து அட்டையில் செருகிய தாள்கட்டு ஒன்று வரும். அதற்குக் கைரன்பான் என்று பெயர். வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு. படித்ததும் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். எனக்கு அப்போது பேசத்தான் கொஞ்சம் வரும், படிக்க வராது. முத்திரையை மட்டும் பயபக்தியோடு குத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். 2018 ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை அந்த ஆண்டின் குடியிருப்புக் குழுத் தலைவர் வாசலில் வந்து நின்றார். நான்கைந்து முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு 3,000 யென் கேட்டார். எதற்கு என்றே புரியவில்லை. அன்று காலை வாய்க்கால் தூர்வாரும் நாள். வீட்டுக்கு ஒருவர் போகவேண்டும். போகாதவர் கட்டும் பணத்துக்கு இங்கே தெபுசொகுகின் என்று பெயர். ஆள் குறைந்ததற்கு ஈடு.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பணம் பெரிதில்லை. நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். வாய்க்கால் வெட்ட வராதவன் என்று ஒருவன் என் வாசலில் வந்து சொல்லும்படி ஆகிவிட்டதே என்றிருந்தது. என் தாத்தா காலத்தில் எங்கள் பக்கம் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-இல் மதராஸ் மாகாணத்துக்கு அதைச் சட்டமாகவே போட்டார்கள். வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க அதிலும் வழி இருந்தது. அப்பா காலத்தில் அது பழங்கதையாகிவிட்டது. எனக்கு விவரம் தெரிந்தபோது தூர்வாருவது அரசாங்கத்தின் பாடு, தண்ணீர் வராவிட்டால் திட்டுவது மட்டும் எங்கள் பாடு.

அடுத்த ஏப்ரலில் காலை ஆறே முக்காலுக்கே போய் நின்றேன். ரப்பர் பூட்ஸ், கையுறை, கழுத்தில் துண்டு. ஜப்பானிய மண்வெட்டியான குவா நம் மண்வெட்டியின் தம்பிதான். பிடிப்பவனை நோக்கி வளைந்த தகடு, வளைத்து இழுக்கும் வேலை. வண்டலை வெட்டி வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது 82. "வீட்டில் நெல் போடுகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை போகம் என்றார். முன்பெல்லாம் மூன்றுகூட உண்டு என்றதும் வேலையை நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். மூன்று போகம் விளையும் நாட்டை விட்டு இந்தப் பனிக்காட்டுக்கு ஏன் வந்தான் இவன் என்று ஒன்பது பேரும் கவலைப்பட்டார்கள். அதுவரை என் ஜப்பானிய மொழியைப் புகழ்ந்தவர்கள் அன்றிலிருந்து புகழ்வதை நிறுத்தினார்கள். தவறாகப் பேசினால் திருத்த ஆரம்பித்தார்கள். இங்கே வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஜப்பானில் பாசன, வடிகால் வாய்க்கால்கள் மொத்தம் ஏறத்தாழ 4 லட்சம் கிலோமீட்டர். பூமியைப் பத்து முறை சுற்றலாம். பெரிய கால்வாய்களை விட்டுவிட்டால், கடைமடைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது இப்படி ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்ஸ் போட்டு வரும் கிழவர்கள்தான். தெருவில் குப்பை கிடக்காததற்கும் இதே கதை. எங்கள் குப்பைப் பையில் வீட்டுப் பெயர் எழுதவேண்டும். தவறாகப் பிரித்தால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். ஊர் முழுக்க அதைப் பார்த்தபடி நடக்கும். அந்த வெட்கத்துக்கு ஆளாகாமல் இருக்கவே பாதிப் பேர் தயிர்க் கிண்ணத்தைக் கழுவிப் போடுகிறார்கள். நானும்தான்.

கண்காணிப்பு இதன் மறுபக்கம். நான் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் இரண்டு நாள் வெளியே வராதபோது வாசலில் கஞ்சிப் பாத்திரம் வந்தது. அதே கண்கள்தான், வார இறுதியில் நண்பர்கள் வந்து போனால், வந்த காரின் எண் எந்த ஊருடையது என்பதையும் பார்த்து வைக்கின்றன. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று பிரித்து வாங்க வழியில்லை.

பழைய நாளில் முறைமீறியவர்களை ஊர் ஒதுக்கிவைப்பதற்கு முராஹாச்சிபு என்று ஒரு சொல் உண்டு. ஊர், எட்டுப் பங்கு. பத்துக் காரியங்களில் எட்டுக்கு வரமாட்டோம், இரண்டுக்கு மட்டும் வருவோம் என்று பரவலாக விளக்கம் சொல்வார்கள். அந்த இரண்டு எவை என்றால், தீ பிடித்தால் அணைப்பது, சாவு விழுந்தால் எடுப்பது. கருணையால் அல்ல. தீ அடுத்த வீட்டுக்குப் பரவும், பிணம் நாறும். கணக்கு அவ்வளவுதான். இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. நம்மிடமும் ஊர்விலக்கு உண்டு. நாம் சாவுக்கும் வழி விடுவதில்லை. சேரிப் பிணம் பொதுப்பாதையில் போகக்கூடாது என்று மறித்து, வயலில் இறக்கித் தூக்கிப்போக வைத்த செய்திகளை இந்த நூற்றாண்டிலேயே படித்திருக்கிறோம். உடனே 'ஜப்பானில் சாதியே இல்லை, பார்த்தீர்களா' என்று யாரும் கீழே எழுதவேண்டாம். தோல் பதனிட்டவர்கள், பிணம் எடுத்தவர்களின் வழிவந்தவர்களைத் தள்ளிவைத்த வரலாறு இங்கும் இருக்கிறது. அவர்கள் 1922-இல் கியோத்தோவில் கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் கல்யாணப் பேச்சின்போது பூர்வீகத்தைத் துருவிப் பார்ப்பவர்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

'அந்நியன் என்று ஒதுக்குவார்களா?' என்பது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நகரத்தில் வீடு தேடியபோது, தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் 'இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்' என்ற பதில் எனக்கும் வந்திருக்கிறது. கிராமத்தில் விஷயம் வேறு மாதிரி. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா ஹிரோஷிமாவிலிருந்து மருமகளாக வந்து 42 ஆண்டுகள் ஆகின்றன. மலையைத் தாண்டினால் ஹிரோஷிமா. இன்னும் அவரை 'ஹிரோஷிமாக்காரி' என்றுதான் சொல்கிறார்கள். அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்களுக்காவது முகத்திலேயே தெரிகிறது. எதிர்பார்க்க மாட்டார்கள். என்னிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிட்டு, வெளியாள் என்றும் சொல்கிறார்கள்."

வீடு கிடைத்த கதையையும் சொல்லவேண்டும். 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லா வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. இதைக் கேட்டு, 'ஜப்பானில் வீடு இலவசமாம்' என்று காணொளி போடுபவர்கள் பெருகிவிட்டார்கள். என் குடியிருப்பில் ஐந்து வீடுகள் காலி, ஒன்றும் வாடகைக்குக் கிடையாது. காரணம், உள்ளே பித்ருக்களுக்கான புத்தப் பீடம் இருக்கும். ஆகஸ்டில் ஒபோன் நாட்களில் பிள்ளைகள் வந்து கல்லறை கழுவி, இரண்டு நாள் தங்கிப் போவார்கள். அந்த இரண்டு நாளுக்காக வீடு ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும். எனக்கு வீடு தந்தவர் பீடம் இருக்கும் அறையைப் பூட்டியே வைக்கச் சொன்னார். ஓராண்டு கழித்து, தினம் ஒருவாய்ச் சோறு வைக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். காக்கைக்குச் சோறு வைத்து வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம். முகம் தெரியாத அவருடைய பாட்டனுக்குத் தினமும் நான்தான் சோறு போடுகிறேன். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல்.

சோறு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2025 மே மாதம், ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி முந்தைய ஆண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கான நேரத்தில், எதோ தாக்கு என்ற பெயருடைய வேளாண் அமைச்சர், ஆதரவாளர்கள் நிறையத் தருவதால் தான் அரிசி வாங்கியதே இல்லை என்று பேசிப் பதவியை இழந்தார். தோக்கியோ கொதித்தது. எங்கள் ஊரில் மட்டும் யாரும் கோபப்படவில்லை, ஏனென்றால் இங்கே நானும் அரிசி வாங்கியதில்லை. வாசல் திண்ணையில் இருக்கும், வெள்ளரிக்காயும் முள்ளங்கியும் இருப்பதுபோல. யார் வைத்தது என்று எழுதியிருக்காது. பையின் முடிச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். பதிலுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும், அதுதான் கஷ்டம். ஒருமுறை இங்கே விளையும் யூசு என்ற நார்த்தை மாதிரிப் பழத்தில் காரமாக ஊறுகாய் போட்டு அந்த 84 வயதுப் பாட்டிக்குக் கொடுத்தேன். மிகவும் நன்றாக இருந்தது என்றார். மூன்று முறை தண்ணீரில் அலசிவிட்டுச் சாப்பிட்டதாகவும் சொன்னார்.

அவருடைய மேடைக்கு எதிரே ரயில் பாதை இருக்கிறது. சங்கோ பாதை, 108 கிலோமீட்டர், 2018 மார்ச் 31-ஆம் தேதி கடைசி வண்டி ஓடியது. வந்து ஆறு மாதமே ஆன நானும் கொடியசைக்கப் போனேன். நாடெங்கிலுமிருந்து ரயில் பித்தர்கள் வந்து வண்டி பிதுங்கியது. "இதில் பத்தில் ஒரு பங்கு தினமும் ஏறியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள்" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவரும் காரில்தான் வந்திருந்தார். இப்போது தண்டவாளத்தில் கோரை முளைத்துவிட்டது. செப்டம்பரில் வரப்பெல்லாம் ஹிகான்பனா சிவப்பாகப் பூக்கிறது. நம் செங்காந்தளைப்போலவே இதுவும் கிழங்கில் நஞ்சுள்ளது. எலி, பெருச்சாளி வரப்பைத் துளைக்காமலிருக்க அந்தக் காலத்தில் நட்டார்கள் என்பார்கள். நட்டவர்கள் போய்விட்டார்கள், பூ மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

ஊரில் பாதிக்கு மேல் 65 வயதைக் கடந்து, கூட்டு வேலைகளை நடத்துவதே கஷ்டமாகிவிட்டால், அதை கெங்காய் ஷூராக்கு, அதாவது விளிம்பில் நிற்கும் ஊர், என்று சமூகவியலாளர் ஓனோ அகிரா பெயரிட்டார். எங்கள் கணக்கு அதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது.

முறைப்படி இந்த ஆண்டு குழுத் தலைவர் நான். வேறு ஆள் இல்லை. கைரன்பானில் தாள் செருகுவது, ஊர்ப்பணம் வாங்குவது, வாய்க்கால் நாளில் பெயர் எழுதுவது எல்லாம் என் தலையில். ஏப்ரலில் வந்தவர்கள் ஐந்து பேர். என் கையைப் பார்த்து மூன்று போகம் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவர் வரவில்லை. குளிர்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். 80 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கவேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லிப்பார்த்தேன். அப்படியானால் பாதி வீடு கழிந்துவிடுமே என்றார்கள். அதுவும் சரிதான்.

மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, நான்கைந்து முறை மன்னிப்புக் கேட்டேன். செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே, மரத்தரையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உறை தயாராக இருந்தது. உள்ளே மூன்று புதுத் தாள்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். வாங்கிக்கொண்டு அங்கேயே மண்டியிட்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டி நெடுநேரம் பார்த்தார். தன் பெயரில் ஒரு கோடு விட்டுப்போயிருப்பதாகச் சொல்லி, பேனாவை வாங்கி அதைப் போட்டுவிட்டு, ரசீதை மடித்து வைத்துக்கொண்டார்.